இணையமில்லா இடத்தில் வைஃபை கருவிக்கு டிரைவர்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் நமது ஒன்றியத்தின் ஊராட்சிச் செயலர் ஒருவர் நம்மிடம் வந்து, “டிரைவர் இல்லாததால் நான்கு நாட்களாக வேலை நின்றுவிட்டது, ஐயா” என்று முறையிட்டார். ஜீப் ஓட்டுநரைத்தான் சொல்கிறார் என்று முதலில் எண்ணினோம்! விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. பழுதான கணினியில் விண்டோஸைப் புதிதாகப் பதித்திருக்கின்றனர். அதன் பின், யுஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை கருவி வேலை செய்யவில்லை. குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் சேரவேண்டிய ஊதியம் தேங்கிவிட்டது. அன்றாடம் உழைத்துண்ணும் குடும்பத்திற்கு நான்கு நாள் தாமதம் சிறு விஷயமன்று.

டிரைவர் என்பது கருவியின் பாஷையைக் கணினிக்கு எடுத்துச் சொல்லும் மென்பொருள். அதைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெறவோ அது வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இணையம் கிடைக்குமாயின் கவலையில்லை. அதை வயரால் கணினியுடன் பிணைத்து, ‘யுஎஸ்பி டெதரிங்’ வசதியை இயக்கினால், விண்டோஸ் பெரும்பாலும் தானே அறிந்துகொள்ளும். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவு வயர் இதற்குப் பயன்படாது.

சிக்னல் எட்டாத ஊருக்குப் பென் டிரைவே கதி. புறப்படுமுன் கருவியின் அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியில் மஞ்சள் குறியுடன் தோன்றும் பெயரில் மவுஸின் வலப் பொத்தானை அழுத்தி, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘டீடெயில்ஸ்’ எனச் சென்று, ‘ஹார்ட்வேர் ஐடிஸ்’ என்பதைத் தேர்ந்தால், விஐடி, பிஐடி என்பவற்றை அடுத்து நந்நான்கு குறியீடுகள் காணப்படும். இவையே கருவியின் குலம் கோத்திரம். மேலே அச்சிட்ட பெயரை மட்டும் நம்பலாகாது. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில், முதற் பதிப்பில் ஏதராஸ் சிப்பும் இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பும் உள்ளன. ஒன்றின் டிரைவர் மற்றொன்றுக்கு உதவாது. நமது செயலர் பெயரைப் பார்த்தே எடுத்துச் சென்று, ஒருமுறை வீணாக அலைந்தார்.

விண்டோஸ் எத்தனையாவது பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் எழுதிக்கொண்டு, வேறொரு கணினியில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே டிரைவரை இறக்க வேண்டும். ‘எல்லா டிரைவரும் இலவசம்’ என அழைக்கும் அந்நிய தளங்களை நாடவேண்டாம். சுருக்கிய ஜிப் கோப்பாயின் விரித்த பின்னரே பயன்படும். ஊர் திரும்பியதும், அதே மஞ்சள் குறியில் ‘அப்டேட் டிரைவர்’, ‘பிரவுஸ் மை கம்ப்யூட்டர்’ எனச் சென்று கோப்புறையைக் காட்டினால் போதும். முன்பே டிரைவர் இருந்து, புதியது சரிப்படாவிட்டால், ‘ரோல் பேக் டிரைவர்’ பழையதை மீட்டுத் தரும்.

ஐந்தாம் நாள் மாலை ஊதியம் சென்று சேர்ந்தது. அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் இட்டு, ரொக்கப் புத்தகம் இருக்கும் அலமாரியிலேயே வைக்குமாறு செயலரிடம் சொல்லியிருக்கிறோம்.