நோன்பும் குளிசையும்

(இறம்பொடையில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் நிகழ்த்திய உரை)



நம்ம லயங்களில் முஸ்லிம் குடும்பங்கள் குறைவுதான். ஆனாலும் கம்பளை, புசல்லாவைப் பக்கம் போனால் நோன்புக் கஞ்சியின் ருசி நமக்கும் தெரியும். அந்த நோன்பில் நாம் எல்லாரும் படிக்க வேண்டிய சுகாதாரப் பாடம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

ரமழான் மாதத்தில் வைகறை தொடங்கி சூரியன் மறையும்வரை, நம் நாட்டில் 13 மணித்தியாலத்துக்கு மேல், தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இவ்வளவு கண்டிப்பான நோன்பிலும் நோயாளிக்கும் பிரயாணிக்கும் குர்ஆனின் 2ஆம் அத்தியாயம் சலுகை கொடுக்கிறது. சுகமான பிறகு வேறு நாளில் நோன்பு பிடிக்கலாம். தீராத வருத்தக்காரர் அதற்குப் பதிலாக ஏழைக்குச் சாப்பாடு கொடுக்கலாம் என்று மார்க்க அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆகவே, உடம்பைக் காப்பாற்றுவதும் கடமைதான்.

ஆனால் நாம் பார்ப்பது என்ன? நோன்பென்றாலும், கந்தசஷ்டி 6 நாள் விரதமென்றாலும், வெள்ளிக்கிழமை விரதமென்றாலும், சீனி வருத்தக்காரர் சிலர் "விரதம் முடியட்டும்" என்று குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் வெறும் வயிற்றில் குளிசையைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டும் ஆபத்து! மருந்தை விட்டால் சீனி ஏறும். அப்படியே போனால் கண்ணும் சிறுநீரகமும் காலும் பழுதாகும். சாப்பிடாமல் இன்சுலினோ சிலவகைக் குளிசையோ எடுத்தால் சீனி மளமளவென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். கொழுந்துக் கூடையோடு சரிவில் நிற்கிற நேரம் இது வந்தால் உயிருக்கே மோசம்.

அப்போ என்ன செய்யணும்?

நோன்புக்கு ஆறு, எட்டுக் கிழமைக்கு முன்பே கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள். நோன்பு பிடிக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று அவர் சொல்லட்டும். நாமாகவே கூட்டவோ குறைக்கவோ கூடாது.

விரலில் குத்தி சீனி பார்த்தால் நோன்பு முறியாது என்பதே அறிஞர் பலருடைய கருத்து. சீனி 70க்குக் கீழே இறங்கினாலும், 300க்கு மேலே ஏறினாலும் உடனே நோன்பை விட வேண்டும். இறங்கின ஆளுக்கு நல்ல நினைவு இருந்தால் சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

நோன்பு திறந்ததும் பொரித்த பலகாரமும் சீனி கூடின சாயத்தண்ணியுமாக வயிற்றை நிரப்பக் கூடாது. வயிற்றில் ஒரு பங்கு சாப்பாட்டுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிகள் நாயகம் காட்டிய அளவு. ராத்திரி ரொட்டியை அடுக்கி வைத்துச் சாப்பிடுகிற நமக்கும் இந்த அளவு பொருந்தும்.

வீட்டிலுள்ள பிள்ளைகளே, அம்மாவோ தாத்தாவோ விரதம் என்று சொன்னால், "கிளினிக்கில கேட்டீங்களா?" என்று முதலில் கேளுங்கள். கொப்பியைக் கையில் கொடுத்து டொக்டரிடம் அனுப்பி வையுங்கள்.