செஞ்சி மலையில் பழகி, குல்மார்க் பனியில் சறுக்க



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மஃப்ளரைத் தேடுகிறோம். இந்த ஊர்க் குடும்பம் ஒன்று, பிள்ளைகுட்டிகளோடு காஷ்மீரத்தின் குல்மார்க்குக்குப் போய்ப் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள முடியுமா? தாராளமாக முடியும். இரண்டு மாதம் முன்பே தயாராகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காஷ்மீர் பேக்கேஜ் டூர்களில் குல்மார்க்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே பகல். வாடகைக் கோட்டு, ஸ்லெட்ஜில் ஒரு சுற்று, நாலு போட்டோ, சாயங்காலம் திரும்ப ஸ்ரீநகர். அது பனியைப் பார்த்துவிட்டு வருவது. சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு, நினைத்த இடத்தில் நிற்கப் பழகவே இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பஹல்காமையும் சோன்மார்க்கையும் இன்னொரு தடவைக்கு வைத்துக்கொண்டு, குல்மார்க்கிலேயே நான்கு நாள் தங்குங்கள். பணம் இடித்தால் சாதாரண ஓட்டலாகப் பாருங்கள், அறையில் ஹீட்டர் இருந்தால் போதும். நாட்களை மட்டும் குறைக்காதீர்கள்.

எப்போது போவது என்பதில்தான் நமக்குச் சிக்கல். அரையாண்டு விடுமுறையில் போனால் பனி போதுமான அளவு விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மே மாதத்தில் புல்வெளிதான் இருக்கும். நல்ல பனி ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரியிலும். அதிலும் இப்போது உறுதி இல்லை: 2024 ஜனவரியில் குல்மார்க் பனியே இல்லாமல் வறண்டு கிடந்தது. 2025இல் பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைப் பனி இல்லாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ தேதி குறித்து, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பதிவு செய்யுங்கள். வீட்டில் பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ படிக்கிற பிள்ளை இருந்தால் அடுத்த வருஷம் போகலாம்.

விழுப்புரத்தில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி நிஜாமுதீனில் இறங்கலாம். அங்கிருந்து கட்ரா போய்விட்டால், 2025 ஜூன் முதல் ஸ்ரீநகருக்கே வந்தே பாரத் ரயில் இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு சென்னையிலிருந்து விமானம். வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இனி உடம்பு. சறுக்கும்போது முழங்காலை மடக்கியே நிற்கவேண்டும், பாரம் முழுக்கத் தொடையில். பழகாத தொடை பத்தே நிமிஷத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும், அதன்பிறகு விழுவதுதான். இதற்கு ஜிம் தேவையில்லை, நமக்குச் செஞ்சிக் கோட்டை இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதே கோட்டைதான். அங்குள்ள ராஜகிரிக் குன்று சுமார் 800 அடி உயரம். திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வெயில் ஏறுவதற்குள் குடும்பத்தோடு ஏறிவிடுங்கள். ஏறுவது மூச்சுக்குப் பயிற்சி, இறங்குவதுதான் தொடைக்குப் பயிற்சி. இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல், ஓடாமல், ஒவ்வொரு படியிலும் முழங்காலை மெதுவாக மடக்கி வாருங்கள். மறுநாள் தொடை வலித்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வாரம் ஒருமுறை செஞ்சி, மற்ற நாட்களில் வீட்டு மாடிப்படி, கொஞ்சம் தோப்புக்கரணம். எட்டு வாரத்தில் காலே வேறாகிவிடும்.

துணிமணியில் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். வாட்டர்புரூப் கோட்டு, பேண்ட், பூட்ஸ், பலகை எல்லாம் குல்மார்க்குக்குப் போகும் வழியில் உள்ள தங்மார்க்கிலும் குல்மார்க்கிலும் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கவேண்டியது உடம்பை ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, வாட்டர்புரூப் கையுறை, கம்பளிக் குல்லாய். காட்டன் பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சிக் காயாமல் வைத்துக்கொள்ளும், ஓய்ந்து நின்றதும் அந்த ஈரமே உடம்பை நடுக்கும். பூட்ஸுக்குள் ஒரே ஒரு நீளமான சாக்ஸ்தான். இரண்டு போட்டால் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிடும். கறுப்புக் கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் அழகுக்கு இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது, புதுப் பனி அதைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது.

குல்மார்க் 2,650 மீட்டர் உயரம். முதல் இரவு ஸ்ரீநகரில் தங்கி மூச்சைப் பழக்கிக்கொண்டு ஏறுங்கள். மேலே தலைவலியோடு வாந்தி வந்தால் கீழே இறங்குவதே மருந்து. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இங்கேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இன்சுலின் உறைந்தால் பயன்படாது, பெட்டியில் போடாமல் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுக்க, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கேயே இருக்கிறது. அதில் இடம் பிடிக்க முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் சுற்றுலாத் துறையில் பதிவு பெற்ற பயிற்சியாளரை அட்டை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கடையில் உங்கள் எடையைக் கேட்பார்கள். கூச்சப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது பூட்ஸைப் பலகையிலிருந்து விடுவிக்கும் பூட்டை அந்த எடையை வைத்துத்தான் முடுக்குவார்கள். முதல் பாடம் நிற்பது: பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்நுனியை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்துவது. விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் உட்காருங்கள், கையை ஊன்றாதீர்கள். பிள்ளைகள் பெரியவர்களுக்கு முன்பே பழகிவிடுவார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போய் ஜெயன்ட் ஸ்லாலமில் 45ஆவது வந்த ஆரிஃப் கான், சின்ன வயதிலேயே இந்தக் குல்மார்க் சரிவுகளில் சறுக்கப் பழகியவர்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். குல்மார்க் கண்டோலா என்கிற ரோப் காரின் இரண்டாம் கட்டம் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடும். அந்த மலைச் சரிவுகளில் பனிச்சரிவு நேர்வதுண்டு. 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் குல்மார்க் மலையில் அப்படித்தான் இறந்தார்கள். சறுக்கத் தெரிந்தவர்களுக்கே அந்தக் கதி. யார் எவ்வளவு ஆசை காட்டினாலும், முதல் பயணத்தில் பலகையோடு அங்கே ஏறாதீர்கள். கீழே, புல்வெளிச் சரிவிலேயே நான்கு நாளும் பழகுங்கள்.