காலில் உறையும் இரத்தம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் காலைப் பற்றிப் பேச வந்துள்ளோமே என்று சிலர் வியக்கக்கூடும். நம் மக்கள் காலால் உழைத்து வாழ்பவர்கள். அந்தக் காலுக்குள் ஓசையின்றி நேர்ந்து உயிரையே கொள்ளை கொள்ளும் ஒரு கேட்டினை இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் விருப்பம்.

இதயம் இரத்தத்தைத் தமனிகளின் வழியே உந்தித் தள்ளுகின்றது. பாதம் வரை சென்ற இரத்தம் மீண்டும் மேலே ஏற வேண்டுமன்றோ? ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நாம் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அச்சதை இறுகி, தன்னுள் பொதிந்து கிடக்கும் ஆழ்ந்த சிரைகளைப் பிழிகின்றது. சிரைகளுக்குள் உள்ள வால்வுகள், ஏறிய இரத்தம் கீழிறங்காதவாறு கதவுபோல் மூடிக்கொள்கின்றன. கிணற்றில் ஏற்றம் இறைப்பது போன்றதே இது. இறைப்பவன் நின்றுவிட்டால் நீரும் நின்றுவிடும்.

அவ்வாறு தேங்கிய இரத்தம் ஆழ்ந்த சிரைக்குள்ளேயே கட்டியாக உறைந்துவிடுவதுண்டு. அப்போது ஒரு கால் மட்டும் வீங்கும், கெண்டைக்கால் வலிக்கும், தொட்டால் சுடும். இடர் காலோடு முடிவதில்லை. கட்டியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாயை அடைத்துவிடும். திடீரென மூச்சுத் திணறலும், விலாவில் குத்தலும், சிலருக்கு இருமலில் இரத்தமும் காணும். துண்டு பெரிதாயின் சில நிமிடங்களில் உயிர் பிரியும்.

நுரையீரலில் காணப்படும் இக்கட்டி வேறோர் இடத்துச் சிரையிலிருந்து வருவதே என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெய்ப்பித்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ப் விர்ச்சோ. ஓட்டம் தேங்குதல், சிரைச் சுவர் காயப்படுதல், இரத்தமே எளிதில் உறையும் தன்மை பெறுதல் ஆகிய மூன்று காரணங்களையும் மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயராலேயே படிக்கின்றனர். 1848இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அவ்வேழை மக்களுக்கு வேண்டுவது கல்வியும் உரிமையும் நல்வாழ்வும் என்று அறிக்கை எழுதியவரும் அவரே. அவ்வகையில் அவர் நம் சங்கத்திற்கும் உறவினர்தாம்.

தேக்கம் எத்துணைக் கொடியது என்பதை 1940இல் இலண்டன் மாநகர் கண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பாதுகாப்பிடங்களில் துணி நாற்காலிகளில் இரவெல்லாம் காலைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தோருள் சிலர் இவ்வாறே மாண்டனர் என்று கீத் சிம்ப்சன் என்னும் மருத்துவர் அவ்வாண்டே எழுதினார். குண்டுக்குத் தப்பியவர்களை நாற்காலி கொன்றது.

அறுவைக்குப் பின்னும், எலும்பு முறிந்து கட்டுடன் படுத்திருக்கையிலும், புற்றுநோயிலும் இது நேரும். எனினும் தாய்மார்களே, பிள்ளைப்பேற்றைத்தான் நாம் குறிப்பாகச் சொல்ல வந்தோம். உதிரப்போக்கு மிகாதிருக்க இயற்கையே கருவுற்றவளின் இரத்தத்தை எளிதில் உறையச் செய்கின்றது. பேற்றுக்குப் பின் ஆறு வாரம் வரை அச்சம் மிகுதி. நாமோ பச்சை உடம்பு என்று அவளை எழவொட்டாமல் கிடத்துகின்றோம். வயிறு பெருக்கும் என்று தண்ணீரையும் மறுக்கின்றோம். பாட்டிமார் பொறுத்தருள வேண்டும், இரண்டும் தவறு.

அண்ணல் அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்புகளை, அவரே நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1990இல் நூலாக வெளியிட்டது. அதில் 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம் ஒன்று காணப்படுகின்றது. எழுதியவர் கத்தியவாரில் பணிபுரிந்த, நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஆசிரியர். பிள்ளை பெற்ற சில நாட்களில் அவர் மனைவிக்கு மூச்சுத் திணறலும் விலாவில் கடும் வலியும் கண்டன. மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். இரண்டு ரூபாய்க் கட்டணத்திற்கு ஊர்ப் பெரியவர் பொறுப்பேற்ற பின், சேரிக்கு வெளியே அப்பெண்ணைக் கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை ஓர் இசுலாமியரிடம் தந்தார். அவர் கணவரிடம் தர, கணவர் மனைவிக்கு வைத்தார். திரும்பி வந்த வெப்பமானியை விளக்கொளியில் பார்த்து, நிமோனியா என்று கூறிச் சென்றார். அப்பெண் இறந்தாள்.

அது நிமோனியாவாகவே இருந்திருக்கலாம். காலிலிருந்து சென்ற கட்டியாகவும் இருந்திருக்கலாம். தொட்டுப் பார்த்திருந்தாலன்றி எவர் கூற இயலும்? இந்நோயைத் தேடுவதே கையால்தான் தொடங்குகின்றது. இரு கால்களையும் தடவிப் பார்த்து, முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் நாடாவால் அளக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் ஐயம் வலுக்கும். பின்னர் ஸ்கேன் எடுத்து உறுதி செய்வர். நம் தெருப் பெண் ஒருத்தியை அழைத்துச் சென்ற இடத்தில், மேசைக்கு அப்பாலிருந்தே வலி மாத்திரை எழுதித் தந்ததை நாம் கண்டோம். நின்று வற்புறுத்திய பின்னரே காலைப் பார்த்தனர். ஸ்கேனில் கட்டி இருந்தது. இன்று அவள் நலமாக இருக்கின்றாள்.

மருந்து உண்டு. ஹெப்பாரின் ஊசியும், வார்பாரின் முதலிய மாத்திரைகளும் கட்டி வளராமல் தடுக்கும். கட்டியை உடலே மெல்லக் கரைத்துக்கொள்ளும். குறைந்தது மூன்று மாதம் உண்ண வேண்டும். வீக்கம் வடிந்தது என்று நடுவில் நிறுத்துவோர் பலர். அது கூடாது.

யானைக்கால் வீக்கம் பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. இதுவோ ஓரிரு நாட்களில் வருவது. எனவே திடீரென ஒரு கால் வீங்கினால், வாதம் என்றெண்ணி எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். நீவினால் கட்டி பிய்ந்து போகக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறினால் 108 ஊர்தியை அழையுங்கள். தீண்டாமை காரணமாக மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். இளைஞர்களே, உடன் செல்பவர் நீங்களாக இருந்தால், "இரு கால்களையும் தொட்டு அளந்து பாருங்கள் ஐயா" என்று கேளுங்கள். அளக்கும் வரை அங்கேயே நில்லுங்கள்.