கொட்டகைக்குப் போகும் கரண்டு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



கடன் வாங்கி மாடு வாங்கின கதையைப் பேசச் சொன்னாங்க. நான் மாட்டைப் பறிகொடுத்த கதையைச் சொல்றேன்.

எங்கள் வீட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில் 40 அடி. விடியக்காலையில் பால் கறக்க லைட் வேணும்னு, வீட்டில் இருந்து ஒயர் இழுத்து, துணி காயப்போடுற கம்பியில் நானே சுற்றிக் கட்டினேன். செலவு மிச்சம்னு நினைச்சேன். இரண்டு வருஷ வெயிலிலும் மழையிலும் ஒயர் தோல் வெடிச்சுப் போச்சு. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, கொட்டகையின் இரும்புத் தூணில் கரண்டு இறங்கி, சங்கிலியில் கட்டியிருந்த மாடு செத்துப் போச்சு. காலையில் முதலில் ஓடினது என் மகள். மாடு கிடந்த கிடையைப் பார்த்து என் மாமியார் "தொடாதடி"ன்னு கத்தினாங்க. பிள்ளை தப்பிச்சா.

மாடு போச்சு, தவணை போகலை. மறுபடியும் கடன் கேட்டப்போ, "முதலில் ஒயரைச் சரி பண்ணு"ன்னு ஊக்குநர் அக்கா சொன்னாங்க. அன்னைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டோம். அவர் சொன்னபடி இரண்டரை அடி ஆழத்துக்கு நானும் வீட்டுக்காரரும் பள்ளம் வெட்டினோம், கூலி மிச்சம். அடியில் மணல், அதன் மேல் இரும்புக் கம்பி உறை போட்ட ஆர்மர்டு கேபிள், திரும்பவும் மணல், மேலே வரிசையாகச் செங்கல், பிறகு மண். பின்னால் யாராவது கடப்பாரை போட்டால் முதலில் செங்கல் தட்டுப்படும். கேபிள் ஒரே துண்டு, நடுவில் ஒட்டுப் போடலை. கொட்டகைக்குத் தனி சுவிட்சு, தனி எர்த்.

வீட்டு மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் உயிர் காக்கும் சாதனம் வச்சோம். போன கரண்டு முழுசா திரும்பி வரலைன்னா, அதாவது மாட்டு வழியாவோ மனுஷர் வழியாவோ மண்ணுக்குக் கசிஞ்சால், அது உடனே நிறுத்திடும். ஃபியூஸ் அந்த வேலையைச் செய்யாது. அதில் டெஸ்ட் பட்டன் இருக்கு. மாசக் கடைசிக் குழுக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது அதை அழுத்திப் பார்த்துட்டுத்தான் வருவேன்.

அக்கா, வீட்டுக்குப் போனதும் கொட்டகைக்கும் மோட்டாருக்கும் போற ஒயரைப் பாருங்க. கண்ணால் மட்டும் பாருங்க, கை வைக்காதீங்க. பழுதுன்னா மெயினை இறக்கிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்க. பணம் இல்லைன்னா குழுவில் கேளுங்க. அதுக்குத்தானே குழு வச்சிருக்கோம்.