பரிதாபம் வேண்டாம், பாதை வேண்டும்

(கிள்ளானில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடற்பேறு குறைந்தவர்களின் உரிமை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நம் வீட்டில்தான் அப்படி யாரும் இல்லையே" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2019இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் 100க்கு 31 பேர். காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் நிற்கிறது. முதலில் விரல் போகிறது, பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை. கண் பார்வையும் இதே நோயில்தான் மங்குகிறது. இதோடு இயந்திரத்தில் விரல் இழந்தவர்களையும், வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் யாரோ சிலரைப் பற்றிப் பேசவில்லை. நாளைக்கு நம்மில் யாராகவும் இருக்கலாம்.

நானும் அப்படி வந்தவன்தான். 24 வயதில், இரவு வேலை முடிந்து வரும்போது லாரி மோதி வலது காலை இழந்தேன். தொழிற்சாலையில் நான் பார்த்தது உட்கார்ந்தபடியே செய்யும் வேலை. கை இரண்டும் நன்றாக இருந்தன. ஆனாலும் "உனக்கு ஏற்ற வேலை இல்லை" என்று கடிதம் வந்தது. பிறகு ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அலுவலகம் இரண்டாவது மாடியில். மின்தூக்கி கிடையாது. ஊன்றுகோலோடு ஏறிப் போய்ச் சேர்ந்தேன். "உங்களால் படி ஏற முடியாதே" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்! ஏறி வந்துதான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

தோழர்களே, என்னைத் தடுத்தது கால் அல்ல. அவர்கள் மனத்தில் இருந்த படி.

நம் குடும்பங்கள் எங்கே குடியிருக்கின்றன? தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட பலருக்குக் கிடைத்தது ஐந்து மாடி மலிவு விலை வீடு. மின்தூக்கி இல்லாமலே கட்டிய வீடுகள் அவை. தோட்டத்து லயத்தில் கால் இழந்த தாத்தா வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு பேசினார். நான்காவது மாடிக்குப் போனதும் அவருக்கு வாசலே இல்லாமல் போய்விட்டது. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டியவரை, மகன்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குகிறார்கள். அன்றைக்கு ஒரு மகனுக்குச் சம்பளம் இல்லை. இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வராது.

பேரங்காடிக்குப் போகிறோம். சக்கர நாற்காலி படம் போட்ட கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. திறந்தால் உள்ளே வாளி, துடைப்பம், மருந்துப் புட்டிகள். சாவி துப்புரவு வேலை செய்யும் அக்காவிடம் இருக்கிறது. பல இடங்களில் அந்த அக்கா நம்மவர்தான். அவரைத் திட்டி என்ன பயன்? குத்தகைக்காரன் அவருக்குப் பொருள் வைக்க இடம் கொடுக்கவில்லை. உட்கார்ந்து சாப்பிடக்கூட இடம் கொடுக்கவில்லை. ஒருவருடைய உரிமையைப் பிடுங்கி, இன்னொருவருடைய உரிமையை அதில் அடைத்து வைத்திருக்கிறார்கள். எனவே நாம் சண்டை போட வேண்டியது அக்காவோடு அல்ல, நிர்வாகத்தோடு.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உடற்பேறு குறைந்தவர்கள் சட்டம், சட்ட எண் 685, 2008இல் வந்தது. பொது இடம், பேருந்து, கல்வி, வேலை எல்லாவற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் மீறினால் என்ன தண்டனை? அந்தச் சட்டத்தை இயற்றியபோது அதில் தண்டனையே வைக்கவில்லை. மாறாக, நல்லெண்ணத்தோடு செய்தது, செய்யாமல் விட்டது எதற்கும் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று 41ஆம் பிரிவில் எழுதிவைத்தார்கள். 2010இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் மலேசியா ஏற்றுக்கொண்டது. அதிலும் சில பிரிவுகளுக்கு விலக்குக் கேட்டுத்தான் ஏற்றது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் காரணமாகப் பாகுபாடு கூடாது என்பது அது. 2001இல் பால் வேறுபாட்டையும் அதில் சேர்த்தார்கள். உடற்பேறு குறைவை அப்போதும் சேர்க்கவில்லை. அரசாங்க வேலையில் 100க்கு ஓர் இடம் என்ற கொள்கை 1988இல் வந்தது. எத்தனையோ ஆண்டுகள் ஓடியும் அந்த ஒன்றை எட்டவில்லை. இன ஒதுக்கல் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. "உனக்குத் தகுதி இல்லை" என்று பார்க்காமலே சொல்லும் அதே வாய்தான் இங்கேயும் பேசுகிறது. ஏழை, இந்தியர், அதோடு உடற்பேறு குறைந்தவர் என்றால் மூன்று கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

இருக்கிற உரிமையைக்கூடக் கேட்டுப் பெறாமல் பலர் இருக்கிறார்கள். அதனால் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது ஓகேயு அட்டை. இதற்குப் பணம் கட்ட வேண்டாம். மருத்துவர் பாரத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை உங்கள் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். காது, கண், பேச்சு, உடல், கற்றல் குறைபாடு, மனநலம், பலவகைக் குறைபாடு என ஏழு பிரிவுகள் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் கட்டணச் சலுகை, ரயில் கட்டணக் கழிவு, நல இலாகாவின் உதவித் தொகைகள் எல்லாவற்றிற்கும் முதலில் கேட்பது இந்த அட்டையைத்தான்.

இரண்டாவது பெர்கேசோ, நாம் சொக்சோ என்று சொல்வது. வேலையிடத்தில் மட்டுமல்ல, வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் இதில் அடங்கும். விபத்தை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. இன்னொன்று பலருக்குத் தெரியாது. இனிப்பு நீரால் கால் போனால்கூட, 60 வயதுக்குள் இருந்து, வேலை செய்ய முடியாத நிலை என்று மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் "பென்சென் இலாட்" கேட்கலாம். கடைசி 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி உண்டு. ஆகவே "ஒப்பந்த வேலைதானே" என்று சொல்லிச் சந்தா கட்டாத முதலாளியை விடாதீர்கள். சம்பளச் சீட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது பிறப்புப் பத்திரம். பிள்ளையைப் பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள், திருமணத்தைப் பதியாத பெற்றோர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்குப் பள்ளி கஷ்டம், வேலை கஷ்டம். அந்தப் பிள்ளைக்கு உடற்பேறும் குறைவு என்றால் ஓகேயு அட்டையும் இல்லை, உதவித் தொகையும் இல்லை. அரசாங்கத்தின் கணக்கில் அப்படி ஒரு பிள்ளையே இல்லை. குடியுரிமைக்காகப் போராடும் நாம் இந்தப் பிள்ளைகளை வரிசையில் முன்னால் நிறுத்த வேண்டும்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சு 2019இல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் சிறப்புக் கல்வி வகுப்பு சில தமிழ்ப்பள்ளிகளில்தான் இருக்கிறது. பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளை தேசியப்பள்ளிக்குப் போகிறது. பேசவே சிரமப்படும் பிள்ளை, வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று தவிக்கிறது. தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம் கேட்கும்போது இந்த வகுப்பையும் சேர்த்துக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் எழுத்தில் கேட்கட்டும்.

இனி நம் வீட்டுக்குள்ளே வருவோம். இது கசக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அக்காவைப் பெண் பார்க்க வந்தால் தம்பியை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். "போன ஜென்மத்துப் பாவம்" என்கிறோம். நொண்டி, குருடு, செவிடு, பைத்தியம் என்று பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுகிறோம். அந்தத் தம்பி எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவனைப் பெற்ற தாயும் செய்யவில்லை.

பத்துமலையின் 272 படிகளைப் பற்றி நான் பேச வரவில்லை. அது மலை. உங்கள் தாமான் கோயில் வாசலில் மூன்று படி இருக்கிறதே, அதைக் கட்டியது யார்? கும்பாபிஷேகத்துக்கு இலட்சக்கணக்கில் திரட்டுகிறோம். ஒரு சரிவுப் பாதைக்கு வேண்டிய சிமெண்டு எத்தனை மூட்டை? நம் கூட்டங்களையும் கடைவீட்டு மேல் மாடியில் வைக்கிறார்கள், வாடகை குறைவு என்பதால். அங்கே யார் வரவில்லை என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சக்கர நாற்காலியில் வாழும் பத்மாவதி கிருஷ்ணன் 2013இல் மேலவை உறுப்பினரானார். நாடாளுமன்றம்வரை போக முடிந்தவர்கள் நம் கோயிலுக்குள்ளும் மண்டபத்துக்குள்ளும் போக முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள் அல்ல.

நான் கேட்பது மூன்றுதான். உங்கள் தெருவில் அட்டை இல்லாத ஒருவரைக் கண்டுபிடித்து, கூடவே போய்ப் பதிந்து கொடுங்கள். உங்கள் கோயில், பள்ளி, மண்டபம் மூன்றில் ஒன்றுக்காவது சரிவுப் பாதை கேட்டுக் கடிதம் எழுதுங்கள், இருபது பேர் கையெழுத்தோடு. வாக்குக் கேட்டு வருகிறவரிடம், சட்டம் 685க்குத் தண்டனைப் பிரிவும், அரசியலமைப்பில் எங்களுக்கு இடமும் வாங்கித் தருவாயா என்று கேளுங்கள்.

தீபாவளிக்கு வந்து அரிசிப் பையும் ஐம்பது வெள்ளியும் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். உரிமை வந்தால் அதை வைத்து நாங்களே அரிசி வாங்கிக்கொள்வோம்.