நம் வாட்ச்மேனுக்கும் ஒரு வீடு
(சங்கப் பொதுக்குழுவில் பேசியது)



நம் வாட்ச்மேனும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களும் நல்லம்பள்ளி, பாலக்கோடு பக்கமிருந்து வருகிறவர்கள். சிலருக்கு இன்னும் குடிசைதான்.

2030-க்குள் கிராமங்களில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024-ல் தமிழக அரசு அறிவித்தது ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம். 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். பணம் தவணையாக, வேலை ஆக ஆக வரும். டவுனில் சொந்த மனை உள்ளவர்களுக்குப் பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0 இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருந்தால், மத்திய அரசு 1.50 லட்சம், மாநில அரசு குறைந்தது 1 லட்சம் தரும்.

இரண்டிலும் முதல் கேள்வி: மனைக்குப் பட்டா இருக்கிறதா? பட்டா இன்னும் தாத்தா பேரில் கிடந்தால் காரியம் நகராது. வங்கி கவுன்ட்டரில் இருந்தவன் சொல்கிறேன், ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பிவிடும்.

நாம் மூன்று காரியம் செய்யலாம்.

1. பட்டா மாறுதல், வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போக, சம்பளத்தோடு ஒரு நாள் லீவு கொடுங்கள்.

2. ஆதார், பாஸ்புக், பட்டா மூன்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்று நான் பார்த்துத் தருகிறேன். முதல் தவணை வரும்வரை அஸ்திவாரச் செலவுக்கு வட்டியில்லாமல் கைமாற்று கொடுக்கச் சங்கம் முன்வரட்டும்.

3. மனையே இல்லாதவர்களுக்குச் சொந்த மனையில் வீடு கட்டத் தரும் இந்த உதவி கிடைக்காது. அவர்களுக்கு இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் சங்கத்தின் பேரில் மனு கொடுப்போம்.

கையெழுத்துப் போட வாருங்கள்.