அனுமதி கொடுத்தது நான்தான்

(நீலசந்திராவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். நான் வித்வான் அல்ல. பி.எஸ்ஸி. இரசாயனம் படித்து, 34 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே, சமீபத்தில் நான் அசடு வழிந்த கதையையே சொல்கிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நாள் பஞ்சாங்கம் தேடினேன். ஒரு வலைத்தளம், மேலே படிக்க 'அலவ்', அதாவது அனுமதி, என்ற பட்டனை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். மறுநாளிலிருந்து திரையின் ஓரத்தில் "வைரஸ் புகுந்துவிட்டது" என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை. ஒன்றை மூடினால் இன்னொன்று. ஒரு தரம் அதைத் தொட்டேன். திரை முழுக்கச் சிவந்து, ஒரு குரல் அலறியது. கீழே ஒரு போன் நம்பர்.

கூப்பிட்டேன். பேசியவர் பரம மரியாதை. ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னார், இறக்கினேன். அதில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னார். பாதி படித்திருப்பேன். என் பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் அதே கம்ப்யூட்டரில்தான். அடுக்களையிலிருந்து என் மனைவி, "ஏன்னா, யார்கிட்ட நம்பர் சொல்லிண்டிருக்கேள்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, கம்ப்யூட்டரையும் அணைத்தேன்.

வெட்கத்தால் நான்கு நாள் பிள்ளையிடம் சொல்லவில்லை. பிறகு அவன் போனில் வழிகாட்ட, லாபில் உப்பைச் சோதிப்பதுபோல் ஒவ்வொன்றாகச் செய்தேன். இறக்கிய மென்பொருளை நீக்கினேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் செய்தேன். வைரஸ் எதுவுமே இல்லை! வந்ததெல்லாம் நான் அனுமதித்த தளம் அனுப்பிய நோட்டிஃபிகேஷன்தான். வாசலில் நின்று "வாங்கோ" என்று அழைத்தவனே நான்.

நிறுத்தும் வழி சுலபம். க்ரோமில் மேலே வலது மூலையில் மூன்று புள்ளிகள் உள்ளன. அதில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். அறியாத பெயர்களை நீக்குங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியிலும் நீங்கள் வைக்காதது இருந்தால் எடுத்துவிடுங்கள். திரை முழுவதும் அடைத்துக்கொண்டால் எஸ்கேப் விசையைச் சற்று அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் க்ரோமை மூடுங்கள்.

இந்தத் தந்திரம் புதிதல்ல. 2003-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு கம்பெனி மீது வழக்குப் போட்டது. விண்டோஸின் மெசஞ்சர் வசதி வழியாக ஜனங்களின் திரையில் ஓயாமல் விளம்பரம் அனுப்பி, அதைத் தடுக்கும் மென்பொருளைத் தானே சுமார் 30 டாலருக்கு விற்றதாம்! 2004-ல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை அணைத்தே தந்தது. நம் நாட்டிலும் 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சி.பி.ஐ. 76 இடங்களில் சோதனை நடத்தியது. தொழில்நுட்ப உதவி என்று சொல்லி வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் அடக்கம்.

எல்லா அறிவிப்பும் பொய்யல்ல. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது என்ற அறிவிப்பு நிஜம். பேதம் எப்படி அறிவது? மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நம்பர் இருந்தால் பொய்.

பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930-ஐக் கூப்பிடுங்கள், பாங்குக்கும் சொல்லுங்கள். என்னைப்போல் நான்கு நாள் மறைக்காதீர்கள். அன்று எண் முழுதும் படித்திருந்தால், அந்த நான்கு நாளில் கணக்கே காலியாகியிருக்கும். ஏமாறுவது அவமானம் அல்ல. வாய் திறந்து சொன்னால் இன்னொருவர் பிழைப்பார்.